வேட்பாளர் ஆராதனைக்கு வருகிறாராம், மைக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் எங்கள் தேவாலயத்தின் சேகரக் கமிட்டியின் (நிர்வாகக் குழு) செயலாளர். சட்டமன்றத் தேர்தலில் நிற்கும் ஒருவர் எங்கள் சபையைச் சேர்ந்தவர். இந்த ஞாயிறு ஆராதனைக்கு வருகிறாராம். ஐயர் (எங்கள் போதகர்) தன் தலையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும், அறிவிப்பு நேரத்தில் இரண்டு நிமிடம் பேச விட வேண்டும் என்று கேட்கிறார். ஜெயித்தால் காம்பவுண்டுச் சுவர் கட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். கமிட்டியில் பாதிப் பேர் 'நம்ம ஆள்தானே, விடுங்க' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வரட்டும், உட்காரட்டும், எல்லாரையும் போல முழங்கால் போடட்டும், அதை யாரும் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. மைக் வேண்டாம். பெயர் சொல்லிக் கைவைத்து ஜெபிப்பதும் வேண்டாம்.

தேர்தல் தேதி அறிவித்ததுமே அமலுக்கு வரும் நடத்தை விதிகளில் மசூதி, தேவாலயம், கோயில் என்று பெயர் சொல்லியே, இவற்றைப் பிரசார மேடையாக்கக் கூடாது என்று இருக்கிறது. 'அது வெறும் விதிதானே, நோட்டீஸ் வந்தால் விளக்கம் கொடுத்துக்கொள்ளலாம்' என்று உங்கள் கமிட்டியில் ஒருவர் நிச்சயம் சொல்வார். அவருக்கு 1988ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தைக் காட்டுங்கள். மத நிறுவனங்களைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க வந்த மத்தியச் சட்டம் அது. வழிபாட்டு இடத்தை அரசியல் வேலைக்கு விட்டால் அதன் நிர்வாகிக்கு 5 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். நிர்வாகி என்றால் யார்? தனியாகவோ மற்றவர்களோடு சேர்ந்தோ அந்த நிறுவனத்தின் காரியங்களைக் கவனிக்கிற எல்லாரும், குருமார் உட்பட. அதாவது ஐயரும் நீங்களும், 'விடுங்க' என்று சொன்ன அந்தக் கமிட்டி அங்கத்தினர்களும்தான். வேட்பாளர் பேசிவிட்டுக் காரில் ஏறிப் போய்விடுவார், பதில் சொல்ல நிற்கப் போவது நீங்கள்.

அவருக்கும் ஆபத்து இருக்கிறது, அதை அவரிடமே சொல்லலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 123(3)இன்படி மதத்தின் பெயரால் ஓட்டுக் கேட்பதும், மதச் சின்னத்தைக் காட்டி ஓட்டுக் கேட்பதும் ஊழல் நடவடிக்கை. 2004இல் கேரளத்தின் மூவாற்றுப்புழா தொகுதியில் பி.சி. தாமஸ் சில நூறு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். போப் இரண்டாம் ஜான் பால், அன்னை தெரசா படங்களோடு கத்தோலிக்கர்களிடம் கொடுத்த பிரசுரம் ஹைகோர்ட்டுக்குப் போனது, 2006இல் வெற்றி செல்லாது என்று தீர்ப்பானது, சுப்ரீம் கோர்ட்டும் 2009இல் அதை உறுதி செய்தது. ஒரு பிரசுரம்தான் காரணம்! உங்கள் ஞாயிறு காட்சியை அதோடு வைத்துப் பாருங்கள்: பலிபீடத்துக்கு முன்னால் கட்சித் துண்டோடு அவர் குனிந்து நிற்க, அங்கி போட்ட ஐயர் தலையில் கைவைக்க, பின்னால் சிலுவை. முன் பெஞ்சிலிருந்து யாரோ ஒரு தம்பி அதைப் போனில் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டால் ஆராதனை முடியுமுன் தொகுதி முழுக்கப் போய்விடும்.

'நாங்களும் கிறிஸ்தவர், அவரும் கிறிஸ்தவர், எங்களுக்குள் பேசிக்கொள்வதில் என்ன' என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. 2017 ஜனவரி 2ஆம் தேதி அபிராம் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் அமர்வு 4-3 என்ற கணக்கில் சொன்னது, வேட்பாளரின் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மட்டுமல்ல, ஓட்டுப் போடுகிறவரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் தப்பு என்று.

அப்படியென்றால் ஐயர் வாயே திறக்கக் கூடாதா? திறக்கலாம். அவரும் ஓட்டுள்ள குடிமகன்தான். 1959இல் ராம் தயாள் வழக்கில் சுப்ரீம் கோர்ட் போட்ட கோடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: மதத் தலைவர் ஒருவர் தன் கருத்தைச் சொல்லலாம், ஆனால் 'இவருக்குப் போடாவிட்டால் தெய்வ கோபம் வரும்' என்ற பயத்தை உண்டாக்கி, ஓட்டுப் போடுகிறவருக்கு வேறு வழியே இல்லாமல் செய்யக் கூடாது. ஆனால் ஒன்று, பிரசங்க மேடையிலிருந்து வரும் வார்த்தையை நம் சபையில் வயதான பாட்டி ஒருவர் வெறும் கருத்தாகவா கேட்பார்? ஞானஸ்நானம் கொடுத்த கை, கணவரை அடக்கம் செய்தபோது ஜெபித்த வாய். அதனால் கருத்து இருந்தால் ஐயர் அதை ஆலயத்துக்கு வெளியே, அங்கி இல்லாமல் சொல்லட்டும் என்பேன். எனக்கு இதில் சட்டத்தைவிடப் பெரிய கவலை, வேறு கட்சிக்கு ஓட்டுப் போடுகிற ஒருவர் அதே திருவிருந்துக்கு வந்து பக்கத்தில் முழங்கால் போடும்போது தான் அந்நியன் என்று உணரக் கூடாதே என்பது.

சுவர் விஷயம் சுருக்கமாக. தொகுதிக்கு ரோடு போடுவேன் என்பது பொது வாக்குறுதி. உங்கள் சபை ஓட்டுக்கு உங்கள் சபைச் சுவர் என்று பேசினால் அது பேரம், லஞ்சக் கணக்கில் வரும். கமிட்டியில் அதைப் பேசவே பேசாதீர்கள்.

ஜெபம் வேண்டும் என்று அவர் கேட்பது உண்மையாகவே கூட இருக்கலாம். ஆராதனையில் எல்லா வேட்பாளர்களுக்காகவும், தேர்தல் வேலையில் இருக்கிறவர்களுக்காகவும், ஓட்டுப் போடுகிறவர்களுக்காகவும் பெயர் சொல்லாமல் ஜெபியுங்கள். அதிகாரமுள்ள யாவருக்காகவும் ஜெபிக்கச் சொல்லித்தானே பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினார், நம் சபைக்காரருக்காக மட்டும் என்றில்லையே. ஓட்டுக்குப் பணம் வாங்காதீர்கள் என்று பிரசங்கம் செய்யவும் தடையில்லை.

சனிக்கிழமைக்குள் கமிட்டியைக் கூட்டி இதைத் தீர்மானமாக மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், மற்ற கட்சிக்காரர்கள் வந்தாலும் அதே தீர்மானம்தான் என்ற வரியோடு. அப்புறம் அவருக்கு நீங்களே போன் செய்து, 'அண்ணே, ஆராதனைக்கு வாங்க, துண்டும் கொடியும் காரிலேயே இருக்கட்டும், பேச மட்டும் நேரம் கொடுக்க முடியாது, உங்க வெற்றியே கோர்ட்டில் போய் நிற்கக் கூடாது பாருங்க' என்று சொல்லிவிடுங்கள்.