மருந்து அடித்தும் மாம்பழம் ஏன் கறுக்கிறது?

கேள்வி: அயோத்தியாப்பட்டணம் பக்கம் எங்களுக்கு அறுபது மாமரம் இருக்கிறது ஐயா, பாதி மல்கோவா, மீதி பெங்களூரா. போன வருடம் பறிக்கும்போது காய் பளிச்சென்றுதான் இருந்தது. வைக்கோலில் போட்டு நாலாம் நாள் பிரித்தால் தோலெல்லாம் கறுப்புப் புள்ளி, மண்டியில் பாதி விலைக்குக்கூட எடுக்கவில்லை. பறிக்க இரண்டு வாரம் இருக்கும்போது, கடையில் கொடுத்த மூன்று மருந்தை ஒரே டேங்கில் கலந்து அடித்திருந்தோம். மருந்து போலியா?

பதில்: போலியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை அம்மா, அடித்த நேரம் தப்பு. இது ஆந்த்ராக்னோஸ் என்கிற பூசணநோய். பிஞ்சாக இருக்கும்போதே தோலுக்குள் இறங்கி, காய் பச்சையாக இருக்கும்வரை சத்தமில்லாமல் கிடக்கும், பழுத்துத் தோல் இளகும்போதுதான் எழுந்து கறுப்பாகப் பரவும். நீங்கள் மருந்து அடித்த அன்றைக்கு அது உள்ளே குடியேறி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கலாம். பூசண மருந்துகளில் பல தோலின் மேல் நின்று காவல் காப்பவை, உள்ளே போய்விட்டதை வெளியே இழுக்காது.

இந்த வருடம் ஒரு பழத்தைக் கையில் எடுத்துக் காம்புப் பக்கம் பாருங்கள். கண்ணீர் வழிந்த தடம் போல மேலிருந்து கீழே கறுப்புக் கோடு ஓடினால், மேலே காய்ந்த குச்சியில் இருந்த பூசணத்தை மழைத்தண்ணீர் கழுவிக் காய்மேல் இறக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதனால் முதல் வேலை மருந்து இல்லை, கவாத்து. காய் முடிந்ததும் ஆடி, ஆவணியில் பட்ட குச்சி, உள்ளே நெருக்கிக்கொண்டு நிற்கிற கிளை எல்லாவற்றையும் வெட்டித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். மல்கோவா அடர்ந்து படர்கிற மரம், உள்ளே வெயிலும் காற்றும் போகாவிட்டால் பனி ஈரம் காயவே காயாது. இதைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் மருந்துக்குக் கொட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுப்பதில்லை.

அப்புறம் மருந்து. மார்கழி, தையில் பூங்கொத்து நீளும்போது, பூ விரியும் முன்பே, பூங்கொத்தில் வெள்ளை மாவு போலப் படர்கிற சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் அடியுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம், கருகிவிடும். பூ விரிந்து நிற்கும்போது எதையும் அடிக்காதீர்கள். ஈயும் தேனீயும் வந்து போனால்தான் உங்களுக்குக் காய். பிஞ்சு பட்டாணி அளவு வந்ததும், கறுப்புப் புள்ளிப் பூசணத்துக்கு கார்பெண்டசிம் என்கிற பூசண மருந்து லிட்டருக்கு 1 கிராம், இரண்டு வாரம் கழித்துத் தாமிர மருந்து என்று மாற்றி மாற்றி அடிக்கலாம். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூசணம் அதற்குப் பழகிவிடும். பறிப்புக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும், அதை மீறாதீர்கள், அந்தப் பழத்தைக் குழந்தைகளும்தான் சாப்பிடுகிறார்கள். டேங்கில் மூன்றைக் கலக்கிற வேலையே வேண்டாம்.

இலைமேல் கரி பூசியது மாதிரி இருந்து, ஈரத்துணியால் துடைத்தால் வந்துவிடுகிறதா? அது வேறு கதை. தத்துப்பூச்சி கழிக்கிற தேன் போன்ற பிசுக்கில் வளர்கிற கரும்பூசணம் அது. அங்கே பூச்சியைத்தான் கவனிக்க வேண்டும்.

பறித்த காயை 52 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்து, நிழலில் உலர்த்திப் பழுக்க வைத்தால் கறுப்பது நன்றாகக் குறையும். கைக்கணக்கு சரிப்படாது, தெர்மாமீட்டர் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் கமலா ஆரஞ்சுக்கு போர்டோ கலவை அடித்தேன். தளிரெல்லாம் கருகிவிட்டது. என்ன தப்பு?

பதில்: சுண்ணாம்பு பத்தவில்லை. பிரான்சில் திராட்சைக்காக 1885-இல் மில்லார்டே என்கிற தாவரவியல் பேராசிரியர் வெளியிட்ட பூசணக் கலவை மருந்து இது, உங்கள் மலையில் காப்பிக்காரர்களுக்கு நல்ல பழக்கம். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். இரண்டையும் தனித்தனி பிளாஸ்டிக் டிரம்மில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்குங்கள். காற்றுப்பட்டு மாவாய்ப் போன பழைய சுண்ணாம்புக்கு வீரியம் இருக்காது, அநேகமாக உங்களைக் கெடுத்தது அதுதான். கலந்ததும் நன்றாகத் தேய்த்த இரும்புக் கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் துத்தம் மிஞ்சியிருக்கிறது, படியாத வரைக்கும் சுண்ணாம்பு சேர்த்துக்கொண்டே வாருங்கள். கலந்ததை அன்றைக்கே அடித்து முடித்துவிடுங்கள்.