அதிகாரி போனை எடுக்காவிட்டால்?

கேள்வி: ஐயா, ராமேஸ்வரம் பகுதியில் பகுதிநேர நிருபராக இருக்கிறேன். எந்த அதிகாரியும் என் போனை எடுப்பதில்லை. தகவல் எல்லாம் பெரிய பத்திரிகைக்காரர்களுக்கே போகிறது. நான் எப்படி முன்னுக்கு வருவது?
- வாசகர், தங்கச்சிமடம்

பதில்: ஐ.எஃப்.ஸ்டோன் என்று ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர் இருந்தார், தம்பி. வாஷிங்டனிலேயே குடியிருந்தும் பெரிய மனிதர்களோடு ஒட்டாதவர். காது மந்தம் வேறு. கூட்டத்தில் பேசுவது சரியாக விழாது. அதனால் அரசாங்கம் அச்சடித்த காகிதங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

1957-ல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் பூமிக்கடியில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள். நியூயார்க் டைம்ஸ் செய்தியின் வாலில், டொரோண்டோ, ரோம், டோக்கியோவிலும் அதிர்வு தெரிந்ததாகச் சின்னத் துணுக்குகள். மனிதர் அவற்றை எடுத்து வைத்துக்கொண்டார். சில மாதம் கழித்து அமெரிக்க அணுசக்தி ஆணையம், 200 மைலுக்கு அப்பால் அந்த அதிர்வு பதிவாகவில்லை என்றது. சோதனைத் தடை ஒப்பந்தம் போட்டாலும் திருட்டுத்தனமாக வெடிப்பதைக் கண்டுபிடிக்க முடியாது என்று வாதாடியவர்களுக்கு அது ரொம்ப வசதியான எண். ஸ்டோன் நேராக நிலநடுக்கம் அளக்கும் அரசு அலுவலகத்துக்குப் போனார். அந்தப் பக்கம் நிருபர் யாரும் தலைகாட்டியதே இல்லை போலிருக்கிறது, சந்தோஷமாகக் கணக்கை எடுத்துக் காட்டினார்கள். அலாஸ்கா வரை பதிவாகியிருந்தது! ஆணையம் அறிக்கையைத் திருத்த வேண்டியதாயிற்று.

சரி, நம் கரைக்கு வருவோம். மீனவர் கைது என்றால் அழுகிற அம்மாவைப் படம் எடுத்து அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் கேட்கும் கேள்விக்கு வெளியுறவுத் துறை தரும் பதில்களில் எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்று ஆண்டுவாரியாக இருக்கிறது. இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதையும் படகு இழந்தவர்களுக்கான நிவாரண அரசாணையையும் கையில் வைத்துக்கொண்டு, பாம்பனில் நாலு வீடு ஏறி இறங்குங்கள். யாருக்குப் பணம் வந்தது, யார் இன்னும் அலைகிறார்கள் என்று தெரிந்துவிடும். இதற்கு எந்த அதிகாரியின் போனும் தேவையில்லை.

கேள்வி: சொந்தப் பத்திரிகை நடத்திப் பிழைக்க முடியுமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: மேலே சொன்ன ஸ்டோன் பிழைத்தார். செனட்டர் மெக்கார்த்தி ஆளாளுக்குக் கம்யூனிஸ்ட் முத்திரை குத்தி விரட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1953-ல், 45 வயதில் தனி வார இதழ் தொடங்கினார். 4 பக்கம், ஆண்டுச் சந்தா 5 டாலர், சந்தாதாரர்கள் 5,300 பேர். விளம்பரம் கிடையாது. 1971-ல் நிறுத்தும்போது சந்தாதாரர்கள் சுமார் 70,000. வரவு செலவை எல்லாம் பார்த்துக்கொண்டது மனைவி எஸ்தர். எனக்கு அந்த அம்மாள் மேல்தான் மரியாதை அதிகம். நீங்கள் தொடங்குவதாக இருந்தால், முதலில் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.