வாள்வீச்சு: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் கல்லூரி ஆண்கள் வாள்வீச்சு கிளப்பில் பதினொரு பேர். ஏழு பேர் ஃபாயில், மூன்று பேர் சேபர், எப்பேக்கு ஒரே ஒருவர். மூன்று ஆயுதங்களும் சேர்ந்த அணிப் போட்டிக்கு ஆட்களை எப்படிப் பிரிப்பது?

பதில்: முதலில் கணக்கைப் பாருங்கள். அமெரிக்கக் கல்லூரி கிளப்புகள் மோதும் முறையில் ஆயுதத்துக்கு மூன்று பேர்: ஏ, பி, சி. ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரோடும் ஐந்து புள்ளி ஆட்டம் ஆடுவார்கள். ஆயுதத்துக்கு 9 ஆட்டம், மொத்தம் 27. பதினான்கை எட்டிய அணிக்கு வெற்றி. எப்பேயில் இரண்டு இடம் காலியாக இருந்தால், வாளைத் தொடாமலே ஆறு ஆட்டங்களைக் கொடுத்துவிடுகிறீர்கள். மீதி 21 ஆட்டத்தில் உங்களுக்கு 14 வேண்டும். எதிரணிக்கு எட்டே போதும். ஃபாயிலில் எவ்வளவு பலமாக இருந்தாலும் அங்கே ஒன்பதுக்கு மேல் கிடைக்கப்போவதில்லை. ஆகவே ஃபாயிலிலிருந்து இரண்டு பேரை உடனே எப்பேக்கு மாற்றுங்கள்.

யாரை மாற்றுவது? ஃபாயிலில் கடைசியாக நிற்பவரைத் தள்ளிவிடுவதுதான் வழக்கம். அது தவறான வழக்கம். கை நீளமும், அவசரப்படாத மனமும், தூரத்தை அளக்கும் கண்ணும் உள்ளவரை அனுப்புங்கள். எப்பேயில் முன்னுரிமை விதி (இருவரும் தொட்டால் தாக்குதலைத் தொடங்கியவருக்கே புள்ளி என்பது) கிடையாது, உடல் முழுவதும் இலக்கு. எனவே புதியவருக்கு முதலில் மூன்றே விஷயம் போதும். முழங்கை, வாளின் மூடிக்கு (கையைக் காக்கும் கிண்ணத்துக்கு) வெளியே தெரியாதபடி கையை வைத்துக்கொள்வது. எதிராளியின் மணிக்கட்டையும் முன்கையையும் மட்டும் குறிவைப்பது. முன்னிலையில் இருக்கும்போது இரட்டைத் தொடுகைக்கு அஞ்சாமல் இருப்பது. 4-3 என்று முன்னால் இருக்கையில் இருவர் விளக்கும் சேர்ந்து எரிந்தால் 5-4, ஆட்டம் முடிந்தது. 4-4ல் அப்படி எரிந்தால் யாருக்கும் புள்ளி இல்லை. நேரான பிரெஞ்சுப் பிடியின் நுனியைப் பிடித்து ஆடினால் எட்டும் தூரம் கூடும். ஆனால் தடுப்பு பலவீனமாகிவிடும். தொடக்கத்தில் விரல்களுக்கேற்ப வளைந்த பிஸ்டல் பிடியே நல்லது.

இன்னொன்று: பயிற்சி நேரத்தை ‘ஏ’ வீரருக்கே கொட்டாதீர்கள். அவர் ஏற்கெனவே மூன்றில் மூன்று வெல்பவர் என்றால் நான்காவது ஆட்டம் அவருக்குக் கிடையாது. மூன்றிலும் தோற்கும் ‘சி’ வீரரை ஒன்றோ இரண்டோ வெல்ல வைத்தால் அது அப்படியே அணியின் கணக்கில் ஏறும். தனிப்போட்டியில் பதக்கம் வாங்குபவரையே பார்த்துப் பழகிய அணித் தலைவர்களுக்கு இது எளிதில் புரிவதில்லை.

கேள்வி: ஃபாயிலில் யாரையும் தொடாமலே வெள்ளை விளக்கு (இலக்குக்கு வெளியே பட்டதைக் காட்டுவது) எரிகிறது. சில நேரம் எரிகிறது, சில நேரம் இல்லை. எங்கே தொடங்கிச் சரிபார்ப்பது?

பதில்: ஃபாயிலின் மின்சுற்று எப்போதும் மூடியே இருக்கும்; முனையை அழுத்தும்போதுதான் திறக்கும். ஆகவே வழியில் எந்த இணைப்பு விட்டாலும் விளக்கு காட்டும் எந்திரம் அதை முனை அழுத்தப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளும். விட்டு விட்டு எரிகிறது என்றால் ஏதோ ஓர் இணைப்பு ஆடுகிறது என்று பொருள். எல்லோரும் முதலில் முனையைத்தான் பிரிக்கிறார்கள். அதைக் கடைசிக்கு வையுங்கள்.

முதலில் பாடி கார்டை (உடைக்குள் ஓடி வாளை எந்திரத்தோடு இணைக்கும் கம்பி) மாற்றிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீரும். கம்பி பெரும்பாலும் பிளக்கை ஒட்டி வளையும் இடத்தில்தான் உள்ளுக்குள் அறுந்திருக்கும். ஒவ்வொரு கம்பிக்கும் மின்தடை 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். கார்டு நன்றாக இருந்தால் கைப்பிடியின் திருகைப் பாருங்கள். பிடி தளர்ந்தால் மூடிக்கும் உள்ளே பாடி கார்டைச் செருகும் சாக்கெட்டுக்கும் இடையே தொடர்பு விடும், ஆட்டத்தில் கை அசையும்போதெல்லாம் விளக்கு மின்னும். பிடியை இறுக்குவதற்கு முன் சாக்கெட்டும் மூடியும் தொடும் இடத்தில் துருவை உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள்.

அதன் பிறகும் தீரவில்லை என்றால் மல்டிமீட்டர். சாக்கெட்டில் கம்பி வந்து சேரும் முனையிலும் மூடியிலும் வைத்து அளந்தால் 2 ஓமுக்குள் காட்ட வேண்டும். அளந்துகொண்டே பிளேடை மெதுவாக வளையுங்கள். வளைக்கும்போது மட்டும் எண் எகிறினால் பிளேடின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) ஓடும் கம்பி அறுந்திருக்கிறது. வளைத்தாலும் எண் நிலையாக நின்று, முனையைத் தட்டும்போது எகிறினால் முனைக்குள் அழுக்கு. பக்கத்தில் இருக்கும் இரண்டு சிறு திருகுகளையும் கழற்றி (வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு, இல்லாவிட்டால் தேடியே மாலை போய்விடும்) முனையை எடுத்து, உள்ளே இருக்கும் தொடுபரப்பை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். ஸ்பிரிங் சாய்ந்திருந்தால் மாற்றுங்கள். பூட்டிய பின் 500 கிராம் எடையை முனைமேல் வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் அந்த எடையைத் தாங்கி மேலே தள்ள வேண்டும்.

கம்பிதான் அறுந்தது என்றால் புதுக் கம்பி ஒட்டுவதைத் தவிர வழியில்லை. பழைய பசையை அசிட்டோனில் ஊறவைத்துச் சுரண்டி, காடி சுத்தமான பிறகே தொடங்குங்கள். மிச்சப் பசையின் மேல் ஒட்டிய கம்பி நிற்காது. பிளேடைக் காடி வெளிப்புறம் வரும்படி வளைத்துக் கட்டிவிட்டுக் கம்பியை இழுத்துப் பிடித்தால் அது தானாகக் காடியின் அடியில் போய்ப் படியும். நேராக வைத்து ஒட்டிய கம்பி, முதல் நல்ல குத்தில் பிளேடு வளையும்போதே இழுபட்டு அறும். சூப்பர் குளூவைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஓர் இரவு காயவிடுங்கள். கடைசியாக முனையிலிருந்து 15 செ.மீ. வரை இன்சுலேஷன் டேப் சுற்ற மறக்காதீர்கள்.

ஒரு குறிப்பு: எதிராளியின் லாமேயில் (இலக்கை மூடும் உலோக இழை மேலாடை) சரியாகக் குத்தியும் வண்ண விளக்குக்குப் பதில் வெள்ளை எரிகிறதா? பழுது உங்கள் வாளில் இருக்க வாய்ப்பு குறைவு. பாடி கார்டை லாமேயோடு இணைக்கும் அவருடைய முதலைக் கிளிப்பையும் லாமேயையும் சோதிக்கச் சொல்லி நடுவரிடம் கேளுங்கள்.

கேள்வி: எப்பே முனைச் சோதனையில் எங்கள் வாள்கள் அடிக்கடி தோற்கின்றன.

பதில்: சோதனை இரண்டு. 750 கிராம் எடையை முனை தாங்கித் தூக்க வேண்டும். தூக்காவிட்டால் பெரிய ஸ்பிரிங் சோர்ந்திருக்கிறது, மாற்றுங்கள். அடுத்தது தகடு. 1.5 மி.மீ. தகடு முனைக்கும் குழலுக்கும் இடையே நுழைய வேண்டும். 0.5 மி.மீ. தகட்டை வைத்து அழுத்தினால் விளக்கு எரியக் கூடாது. எரிந்தால் உள்ளே இருக்கும் சின்னத் தொடு ஸ்பிரிங் நீளமாக இருக்கிறது. சிறிது திருகி உள்ளே இறக்குங்கள். அளவு மீறி இறக்கினால் முனையை முழுதும் அழுத்தினாலும் விளக்கு எரியாது. எனவே கால் சுற்று, சோதனை, மறுபடி கால் சுற்று.

கேள்வி: மூவர் கொண்ட இரண்டு அணிகள் மாறி மாறி ஆடும் 45 புள்ளி ரிலேயில் கடைசி ஆளாக யாரை நிறுத்துவது?

பதில்: ஓர் அணியினர் 1, 2, 3; மறு அணியினர் 4, 5, 6. ஒன்பது சுற்றின் வரிசை இது: 3-6, 1-5, 2-4, 1-6, 3-4, 2-5, 1-4, 2-6, 3-5. கடைசிச் சுற்று ஒரு பக்கம் 3க்கும் மறுபக்கம் 5க்கும் வரும். ஆனால் இரண்டும் ஒரே வேலை அல்ல. 3 என்பவர் முதல் சுற்றையும் ஆட வேண்டும். 5க்கு 2, 6, 9ஆம் சுற்றுகள். மெதுவாகச் சூடேறும் வீரரைக் கடைசியில் நிறுத்த நினைத்தால் உங்களுக்கு 4-5-6 பக்கம் வசதி. எந்தப் பக்கம் என்பது சீட்டில் விழும் என்பதால் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வரிசை எழுதி வைத்திருங்கள்.

கடைசி ஆளுக்குப் புள்ளி எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு சுற்றின் எல்லையும் ஐந்தின் மடங்கு. 8-15 என்று பின்தங்கி நான்காம் சுற்றுக்குள் நுழைபவர், 3 நிமிடத்துக்குள் 20 வரை, அதாவது 12 புள்ளி எடுக்கலாம். அதே வழியில், முன்னிலையைக் கையில் வாங்கியவர் அதை இழக்கவும் முடியும். ஆகவே 2-4ல் பின்தங்கினாலும் பதறாமல் 4-5க்குள் சுற்றை முடிக்கத் தெரிந்தவரே நடுச் சுற்றுகளுக்கு ஏற்றவர்.

கேள்வி: கிளப்பில் பழைய மாஸ்க்குகள் நிறைய உள்ளன. புதியவர்களுக்குக் கொடுக்கலாமா?

பதில்: சோதிக்காமல் கொடுக்காதீர்கள். வலையைச் சோதிக்க 12 கிலோ விசையில் அழுத்தும் பஞ்ச் கருவி உண்டு. முனை உள்ளே இறங்கிய மாஸ்க்கைக் கத்தரித்தே குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் யாராவது எடுத்து மாட்டிக்கொள்வார்கள். வலையில் துரு, குழி, பின்பட்டை இல்லாமை, கழுத்துத் துணியில் கிழிசல் என எது இருந்தாலும் தள்ளுங்கள். 1980 ஒலிம்பிக் ஃபாயில் தங்கப் பதக்கம் வென்ற விளாதிமிர் ஸ்மிர்னோவ், 1982ல் ரோம் உலகப் போட்டியில் எதிராளியின் பிளேடு உடைந்து மாஸ்க்கைத் துளைத்ததில் காயமுற்று இறந்தார். மாஸ்க், உடை, பிளேடு உலோகம் எல்லாவற்றின் தரவிதிகளும் கடுமையானது அதற்குப் பிறகுதான்.

ஜாக்கெட்டுக்கு அடியில் வாள் பிடிக்கும் கைப்பக்கம் பிளாஸ்ட்ரான் (அந்தப் பக்கத்தை மட்டும் மூடும் உள்கவசம்) கட்டாயம். அதன் அக்குளில் தையல் இருக்கக் கூடாது. இடதுகைக்காரருக்கு வலதுகை ஜாக்கெட்டும் பிளாஸ்ட்ரானும் கொடுத்துச் சமாளிக்காதீர்கள். ஆட்டத்துக்குத் தயார் நிலையில் நிற்கும்போது ஜாக்கெட் கால்சட்டையின் மேல் 10 செ.மீ. ஆவது இறங்கியிருக்க வேண்டும், கையுறை முன்கையில் பாதி வரை. ஆண்களுக்கு இடுப்புக்குக் கீழே காக்கும் கப் வைத்துக்கொள்வதும் நல்லது. எப்பே ஆடுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கேள்வி: சேபரில் எப்போதும் இரண்டு விளக்கும் எரிகின்றன, புள்ளி எதிராளிக்கே போகிறது.

பதில்: இருவர் தொடுகைக்கும் இடைவெளி ஏறத்தாழ 170 மில்லி விநாடிக்குள் இருந்தால் இரண்டு விளக்கும் எரியும். அப்போது நடுவர் பார்ப்பது தாக்குதலை யார் தொடங்கினார் என்பதையே. இருவரும் 4 மீட்டர் இடைவெளியில் நின்று தொடங்குகிறீர்கள்; முதல் அடியை முழு வேகத்தில் வைத்துவிட்டு இரண்டாவதில் தயங்குவதுதான் வழக்கமான கோளாறு. அந்தத் தயக்கத்திலேயே முன்னுரிமை கைமாறிவிடும். முதல் அடி சிறியது, கடைசி அடி வேகமானது என்று பழகுங்கள். நான்கில் ஒரு முறை தாக்காமல் பின்வாங்கி, அவர் வீச்சு காற்றில் போனபின் தாக்குங்கள். பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கமும் வேண்டும்: பயிற்சியில் ஆடாதவர் ஒவ்வொருவரும் நடுவராக நின்றே ஆக வேண்டும்.

கேள்வி: லாமேயைத் துவைக்கலாமா? போட்டிக்கு எத்தனை வாள் கொண்டு போக வேண்டும்?

பதில்: லாமேயைக் குளிர்ந்த நீரில் மென்மையான சோப்புக் கரைசலில் அமுக்கி எடுத்து, பிழியாமல் தொங்கவிடுங்கள். வியர்வை உப்புதான் உலோக இழையை அரிக்கிறது. ஈரத்தோடு மடித்துப் பையில் போட்டால் மடிப்பு விழுந்த இடமே முதலில் செத்துப்போகும். களத்துக்குப் போகும்போது விதிப்படியான வாள் இரண்டு, பாடி கார்டு இரண்டு, ஃபாயில், சேபர் என்றால் மாஸ்க்கை லாமேயோடு இணைக்கும் மாஸ்க் கார்டும் இரண்டு. ஒன்று பழுதாகி மாற்று இல்லாமல் நின்றால் மஞ்சள் அட்டை.