வளர்ந்துவரும் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் ஓவியர்களை எப்படித் தேர்ந்தெடுத்து அறிமுகப்படுத்துவது?

கல்லூரி விழாவுக்கோ கண்காட்சிக்கோ ஆள் தேடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்நேரம் உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதன் தலையில் இருப்பவர்கள் இன்ஸ்டாகிராமில் அதிகம் பேர் பின்தொடர்கிறவர்களாக இருப்பார்கள். அதை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவரிடமும் ஒரே கதையின் தொடர்ச்சியான ஆறு பக்கங்களைக் கேளுங்கள். வசன பலூன் வேண்டாம். யார், எங்கே நிற்கிறார்கள், என்ன நடக்கிறது என்று படத்தை மட்டும் பார்த்தே உங்களுக்குப் புரிந்தால் அவரை அழையுங்கள்.

நான் ஓவியன் இல்லை. வெளிநாட்டு காமிக்ஸ் பக்கங்களுக்கு ஃபிளாட்டிங் செய்கிறவன். மை போட்டு முடித்த பக்கம் கலரிஸ்டிடம் போவதற்கு முன்னால் முகம் ஒரு நிறம், மேலங்கி ஒரு நிறம், பின்னால் நிற்கும் கார் ஒரு நிறம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து நிரப்பிக் கொடுப்பது என் வேலை. அதன்மேல்தான் கலரிஸ்ட் ஒளியும் நிழலும் சேர்ப்பார். "வரையத் தெரியாதவன் ஓவியரை எடைபோடலாமா?" என்று யாராவது கேட்கலாம். கேட்கட்டும். ஒரு கை எங்கே முடிகிறது, பின்னால் இருக்கும் சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் என்னால் ஒரு பேனலைக்கூட, அதாவது பக்கத்தில் ஒரு படச் சட்டத்தைக்கூட, நிரப்ப முடியாது. உடற்கூறு வராத இடத்தைப் புகையாலும் கோட்டுக் குவியலாலும் மூடியிருந்தால் வாசகர் தாண்டிப் போய்விடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு விழாவில் புது ஓவியர்களுக்கென்று ஒரு பகுதி ஒதுக்கினார்கள். தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வந்ததில் பெரும்பாலானவை ஒற்றைப் படங்கள். கட்டட உச்சியில் மழையில் குந்தியிருக்கும் வீரன், பல்லைக் கடித்துக்கொண்டு நம்மை நோக்கிப் பாயும் வீரன். சில உண்மையிலேயே அழகு. அந்தக் குவியலில் ஒரு பெண் பென்சிலில் வரைந்து, மொபைலில் படம் எடுத்து அனுப்பிய ஆறு பக்கங்கள் இருந்தன.

அவருடைய நாயகி இரண்டாம் பக்கத்தில் இடது தோளில் அடிவாங்குகிறாள். அதற்குப் பிறகு ஒரு பேனலில்கூட அந்தக் கை தோளுக்கு மேலே எழவில்லை. கதவை வலது கையால் திறக்கிறாள். பஸ்ஸில் ஏறும்போது வலது பக்கக் கம்பியைப் பிடிக்கிறாள், அதனால் உடம்பு அந்தப் பக்கம் சாய்கிறது. வீட்டுக்கு வந்து முகமூடியைக் கழற்ற ஒரே கையால் போராடுகிறாள். யாரும் "வலிக்கிறது" என்று சொல்லவில்லை. பஸ்ஸின் ஜன்னல் வரிசை பேனலுக்குப் பேனல் மாறவில்லை, பின்சீட்டுக் கிழவர் அதே இடத்தில் அதே பையோடு உட்கார்ந்திருக்கிறார். இத்தனையும் கணக்கில் வைத்து வரைந்த ஒருவரைப் பார்த்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. "பறக்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லையே, போஸ்டரில் எதைப் போடுவது?" என்றார்கள். அவருக்குப் பின்தொடர்கிறவர்களே இல்லை என்பதும் பேச்சில் வந்தது. நான் வாதாடிப் பார்த்தேன், வாக்கெடுப்பில் தோற்றேன். கடைசியாகக் கேள்விப்பட்டபோது அவர் விளம்பரப் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைந்துகொண்டிருந்தார். நல்ல வேலைதான், குறை சொல்லவில்லை. ஆனால் காமிக்ஸ் வரைவதை விட்டுவிட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்தன என்று பாருங்கள். 1980களில் மார்வெல் 'ட்ரை-அவுட் புக்' என்று ஒரு போட்டிப் புத்தகம் போட்டது. ஸ்பைடர்மேன் கதை ஒன்றை எடுத்துக்கொண்டு தொடர்ந்து வரைந்து காட்டச் சொன்ன போட்டி அது. பென்சில் பிரிவில் வென்ற மார்க் பாக்லி அப்போது விமானத் தயாரிப்பு நிறுவனம் ஒன்றில் தொழில்நுட்பப் படங்கள் வரைந்துகொண்டிருந்தவர். பின்னாளில் 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' இதழை இடைவெளி இல்லாமல் 111 இதழ்களுக்கு வரைந்தார். ஒற்றைப் போஸ்டர் கேட்டிருந்தால் இந்த ஆள் கிடைத்திருப்பாரா? டிசி 1984இல் 'நியூ டாலன்ட் ஷோகேஸ்' என்று புதியவர்களுக்காகவே ஓர் இதழ் தொடங்கியது. அதில் வரைந்த நார்ம் பிரேஃபோகல் 1987 முதல் பேட்மேன் கதைகளுக்கு வந்து, அந்த மேலங்கிக்கே தனி உயிர் கொடுத்தார். அங்கேயும் அவருக்குக் கிடைத்தது கதைப் பக்கங்கள்தான்.

வளரும் ஓவியர்களை முன்னிறுத்த மார்வெல் 2020இல் அறிவித்த 'ஸ்டார்ம்பிரேக்கர்ஸ்' திட்டத்தின் எட்டுப் பேரில் பாட்ரிக் கிளீசனும் ஒருவர். டிசியில் 'கிரீன் லான்டர்ன் கார்ப்ஸ்', 'பேட்மேன் அண்ட் ராபின்' என்று பத்து வருஷத்துக்கும் மேலாக வரைந்தவரை வளரும் ஓவியர் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதே எட்டில் 'மூன் கேர்ள் அண்ட் டெவில் டைனோசர்' வரைந்த நடாச்சா புஸ்டோஸும் இருந்தார். அது சரியான தேர்வு. ஒரு சிறுமியும் ஒரு டைனோசரும் ஒரே பேனலுக்குள் இடித்துக்கொள்ளாமல் நடிக்க வேண்டும் என்றால் எவ்வளவு திட்டமிட வேண்டும்!

"ஜப்பானிய ஓவியர் பீச் மொமோகோ அட்டைப்படங்களால்தானே பெயர் வாங்கினார்?" என்று இப்போது ஒருவர் வருவார். உண்மை. 2021இல் காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னரில் சிறந்த அட்டை ஓவியர் விருதும் அவருக்குத்தான். ஆனால் அதே வருஷம் 'டீமன் டேஸ்' கதையைத் தானே எழுதி வரைந்து, பக்கங்களையும் தன்னால் நடத்த முடியும் என்று காட்டினார். அட்டை வரைகிறவர்களை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவே இல்லை. அவர்களிடமும் ஆறு பக்கம் கேளுங்கள் என்கிறேன்.

பக்கங்கள் வந்ததும் சண்டைக் காட்சியை விட்டுவிட்டு, இரண்டு பேர் சாதாரண உடையில் உட்கார்ந்து பேசும் காட்சியை முதலில் பாருங்கள். முகமூடி இல்லாமல் ஒரே ஆள் எல்லாப் பேனலிலும் அதே ஆளாகத் தெரிகிறாரா? கைகளை எப்போதும் பாக்கெட்டுக்குள்ளேயே ஒளித்து வைத்திருக்கிறாரா? பின்னணி முதல் பேனலோடு காணாமல் போகிறதா? எத்தனை நாளில் வரைந்தார் என்றும் கேளுங்கள். மாத இதழ் என்றால் சுமார் 20 பக்கம், கிட்டத்தட்ட நாளுக்கு ஒரு பக்கம். மாணவரிடம் அந்த வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம், உண்மையான பதில் வந்தால் போதும். முதல் கிறுக்கலையும் பென்சில் கட்டத்தையும் கட்டாயம் வாங்கிப் பாருங்கள். ஏஐ படத்தைத் தன் படம் என்று அனுப்புகிற காலம் இது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இன்னொன்று. வண்ணப் பிரதியை மாட்டிவிட்டுக் கீழே பென்சிலரின் பெயரை மட்டும் போடுகிறார்கள். நான் இரவெல்லாம் நிரப்பிக் கொடுத்த பக்கங்கள் சுவரில் தொங்கியிருக்கின்றன. என் பெயரை விடுங்கள், ஃபிளாட்டர் பெயர் புத்தகத்திலேயே பெரும்பாலும் வராது. கலரிஸ்ட் பெயர்கூட இருக்காது. எந்தப் படத்தின் முன்னால் கூட்டம் நின்றதோ, அதன் அந்தி வானத்தைப் போட்டவர் அந்தக் கூட்டத்திலேயே யாருக்கும் தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். விளம்பரம் தேடுகிறான் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். உழைத்தவர் பெயரைப் போட ஒரு வரி போதும்.

ஆகவே உங்கள் விழாவில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பென்சில், மை, வண்ணம், எழுத்து என்று எல்லாருடைய பெயரையும் போடுங்கள். ஆறு பக்கங்களையும் வரிசையாக, நின்று படிக்கிற உயரத்தில் மாட்டுங்கள். பிரிண்ட் செலவை ஓவியர் தலையில் கட்டாதீர்கள். தேர்வாகாதவர்களுக்கும் எந்தப் பக்கத்தில் எது புரியவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள்.