காலை வெயிலில் பின்னேர மேகம்

அன்புள்ள அண்ணா,

நீங்கள் மட்டக்களப்பு வாவிக்கரையில் எடுக்கும் படங்களைப் பார்த்துவிட்டு ஆறு மாதமாக நானும் முயன்று வருகிறேன். மண்முனைப் பாலத்தடியில் எடுத்த ஒன்றை இணைத்திருக்கிறேன். போட்டோஷொப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதினொரு லேயர், அதாவது பட அடுக்கு, போட்டேன். வானம் வேறு படத்திலிருந்து எடுத்தது. மேலே பழைய கடதாசி மாதிரி ஒன்று, மங்கலாக ஒன்று. உங்களுடையது ஓவியம் போல இருக்கிறது. என்னுடையது கலியாண அல்பம் போல இருக்கிறது. எங்கே பிழை விடுகிறேன்? இதெல்லாம் ஏமாற்று வேலை, கமரா கண்டதுதான் படம் என்று என் கூட்டாளி சொல்கிறார். அதற்கும் பதில் சொல்லுங்கள்.

களுதாவளையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தேன். தோணியின் பக்கப் பலகையிலும் வலை வீசுபவரின் முதுகிலும் வெயில் முழுதாக விழுந்திருக்கிறது. அது உங்களுக்குப் பின்னால், கடல் பக்கமிருந்து வரும் காலை வெயில். எதிரே படுவான்கரைக்கு மேல் நீங்கள் வைத்த மேகமோ அடியில் சிவந்த பின்னேர மேகம். சூரியன் எழும் கிழக்குக்கு எழுவான், படும் மேற்குக்குப் படுவான் என்று வெயிலை வைத்தே கரைகளுக்குப் பெயரிட்ட ஊர் நம்முடையது. இங்கே இரண்டு வெயிலை ஒரே படத்தில் வைத்தால் பார்க்கிறவர் மனம் ஒட்டாது. காரணம் சொல்லத் தெரியாமலே படத்தை விட்டு விலகிவிடுவார்.

இதே பிழையை நானும் விட்டிருக்கிறேன். பெரிதாக அச்சடித்த ஒரு படத்தை, அதில் இருந்த மீன்காரரிடமே கொண்டுபோய்க் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது காலமையா பின்னேரமா?" என்று கேட்டார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அந்த வானத்தை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன்: ஒரு படத்துக்குள் வரும் காட்சியெல்லாம் ஒரே இடத்தில், ஒரே அரை மணித்தியாலத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். முக்காலியை அசைக்காமல் வானத்துக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று, தோணி நல்ல இடத்துக்கு வரும்போது ஒன்று, பிறகு வேண்டுமென்றே ஃபோகஸைக் குலைத்து ஒன்று. நான்கு போதும்.

அந்தக் குலைந்த படம் எதற்கு என்றால், மைக்கேல் ஓர்டன் என்ற கனடாப் படப்பிடிப்பாளர் ஒளி ஊடுருவும் ஸ்லைட் ஃபிலிம் காலத்தில் செய்த வேலை அது. ஒரே காட்சியைத் துல்லியமாக ஒன்றும் மங்கலாக ஒன்றும் எடுத்து, இரண்டு ஸ்லைட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். சேர்ந்தால் இருட்டும் என்பதால் இரண்டையும் அளவுக்கு மேல் வெளிச்சமாகவே எடுத்தார். போட்டோஷொப்பில் மல்டிப்ளை என்ற கலப்பு முறை செய்வதும் இதைத்தான்: வெள்ளை மறையும், மற்றதெல்லாம் இருளும். ஆகவே அதற்கு முன் படத்தின் பிரதியை அதன் மேலேயே ஸ்கிரீன் என்ற கலப்பு முறையில் வைத்து வெளிறச் செய்யுங்கள். அதைச் செய்யாததால்தான் உங்கள் தண்ணீர் சேறாகத் தெரிகிறது.

இனி அந்தப் பழைய கடதாசி. இணையத்தில் இறக்கியது என்று நினைக்கிறேன், அதே கறையைப் பல படங்களில் பார்த்திருக்கிறேன். மாரி மழையில் பாசி பிடித்துப் பிறகு கச்சானில் காய்ந்த மதில் ஒன்று உங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும். அதை நேரே நின்று படமெடுங்கள். முதலில் நிறத்தை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் பாசியின் பச்சை வானத்தில் ஏறும். படத்துக்கு மேலே சாஃப்ட் லைட் என்ற கலப்பு முறையில் வையுங்கள். அதில் நடுச் சாம்பல் ஒன்றும் செய்யாது. மதிலின் வெளிறிய இடம் படத்தை வெளிறச் செய்யும், கறுத்த இடம் கறுக்கச் செய்யும். அந்த லேயரின் அடர்த்தியைப் பதினைந்து, இருபது வீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டாம். பிறகு லேயரில் வேண்டாத இடத்தை மறைக்கும் மாஸ்க்கை எடுத்து, மென்மையான கறுப்புப் பிரஷால் மனிதர் மேலிருந்தும் தோணி மேலிருந்தும் அந்த மதிலைத் துடைத்துவிடுங்கள். உங்கள் படத்தில் வலைக்காரரின் தோள் சுண்ணாம்பு உரிந்த சுவர் மாதிரி இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. உழைக்கிற உடம்பு அது.

மாஸ்க்தான் இந்த வேலையின் உயிர். ஓவியர் கண்ணா மரத்தின் இலை ஒவ்வொன்றையும் வரைவதில்லை, ஒரு பச்சைத் திரளாக வைத்துவிடுவார். கமராவுக்கு விடத் தெரியாது, நாம்தான் விட வேண்டும். அக்கரை மரங்களில் மட்டும் சர்ஃபேஸ் பிளர் போட்டால் இலைகள் கலந்துவிடும், மரத்தின் விளிம்பு நிற்கும். அதற்கு மேல், வெளிச்சத்தையும் இருளையும் மாற்றும் கேர்வ்ஸில் கறுப்பைக் கொஞ்சம் தூக்கி, நீலச் சாம்பல் லேசாகப் பூசுங்கள். தூரத்தில் இருப்பது வெளிறி நீலமாகத் தெரிவது இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால். தெளிவான நாளில் குடும்பிமலையைப் பார்த்தால் விளங்கும். நீங்கள் படம் முழுவதும், விபரங்களை எடுப்பாகக் காட்டும் கிளாரிட்டியை ஏற்றியதால் அக்கரை இக்கரைக்கு வந்துவிட்டது.

இன்னொன்று: கமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரோ கோப்பில் தொடங்கி 16 பிட்டில் வேலை செய்யுங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிதான். இத்தனை லேயருக்குப் பிறகு வானத்தில் பட்டை பட்டையாக விழுந்திருப்பது அதனால்தான்.

சரி, உங்கள் கூட்டாளிக்கு. 1857இல் ரெய்லாண்டர் என்ற படப்பிடிப்பாளர் முப்பதுக்கு மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் ஆக்கினார். வானமும் கடலும் ஒரே கண்ணாடித் தட்டில் சரியாக விழாத அந்தக் காலத்தில், பிரெஞ்சுப் படப்பிடிப்பாளர் குஸ்டாவ் லு கிரே இரண்டையும் தனித்தனியே எடுத்து இணைத்தார். நம் நாட்டிலேயே லயனல் வென்ட் என்ற படப்பிடிப்பாளர் இருட்டறையில் படங்களை இணைத்தார், வெளிச்சமும் இருளும் இடம் மாறித் தெரியும் சோலரைசேஷன் செய்தார். அவர் இறந்தது 1944இல். போட்டோஷொப்புக்கு லேயர் வந்தது 1994இல். ஏமாற்று என்றால் இவர்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் உங்கள் கூட்டாளி சொல்வதில் ஒரு பகுதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். 2004 மார்கழி 26 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் எடுத்த படங்கள் இருக்கின்றன. வெள்ள காலத்துப் படங்கள் இருக்கின்றன. அவை சாட்சி. அவற்றில் ஒரு லேயரும் கூடாது, மேகத்தைக்கூடக் கருமையாக்கக் கூடாது. மற்றப் படங்களுக்குக் கீழே, "பல படங்களைச் சேர்த்து ஆக்கியது" என்று எழுதிவிடுகிறேன். நீங்களும் எழுதுங்கள்.

வலை விரிந்து தண்ணீரைத் தொடுவதற்கு முந்திய கணத்தைப் பிடித்திருக்கிறீர்கள். அது எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. மேகத்தையும் கடதாசியையும் எடுத்துவிட்டு, லேயர்களை ஒன்றாக்காமல் கோப்பை அனுப்புங்கள். அந்தக் காலையில் வேறு வானம் எடுத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா