'கடல் புறா'வுக்கு அடுத்து என்ன? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பள்ளத்தூரில் ஆயா வீட்டில் தங்கிக்கொண்டு காரைக்குடிக்கு வேலைக்குப் போய்வருகிறேன். 'பொன்னியின் செல்வன்', 'சிவகாமியின் சபதம்' முடித்து, இப்போது சாண்டில்யனின் 'கடல் புறா' மூன்று பாகமும் முடித்தாயிற்று. அதற்கப்புறம் எந்த நாவலை எடுத்தாலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. என்ன படிக்கலாம் என்று தேடினால் எல்லாப் பட்டியலிலும் அதே இருபது பெயர்கள். இடையில் துப்பறியும் கதை படித்தால் கூட வேலை பார்க்கும் தோழி "இதெல்லாம் ஒரு வாசிப்பா?" என்கிறாள். புது எழுத்தாளர்களை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? இன்னொன்று. ஆயா வீட்டு இரண்டாம் கட்டில் ஒரு பீரோ நிறைய, பைண்டு பண்ணிய பழைய தொடர்கதைகள் கிடக்கின்றன. வீட்டைப் பழுது பார்க்கப் போவதால் எடைக்குப் போடச் சொல்கிறார் மாமா. எதை வைத்துக்கொள்வது, எதைப் போடுவது? (பெயர் போட வேண்டாம்.)

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மாமாவிடம் ஒரு மாதம் தவணை வாங்குங்கள். நீங்கள் கேட்டிருக்கும் முதல் கேள்விக்கான பதிலில் பாதி அந்தப் பீரோவுக்குள்தான் இருக்கிறது.

பைண்டு வால்யூமைச் சாதாரணப் புத்தகம் மாதிரி கதையின் பின்னாலேயே போய்ப் படித்து மூடிவிடாதீர்கள். வாரப் பத்திரிகையை வீட்டில் எல்லோரும் படித்து முடித்ததும், தொடர்கதைத் தாளை மட்டும் கிழியாமல் எடுத்து அடுக்கிவைப்பது நம் ஆச்சிமார்களுக்குப் பழக்கம். தொடர் முடிந்தால் கட்டு பைண்டரிடம் போகும். அவர் தைத்து, முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டித் தருவார். ஆனால் தாள் என்றால் இரண்டு பக்கம் உண்டே. அத்தியாயத்தின் கடைசித் தாளைத் திருப்பினால், அங்கே வேறொருவருடைய தொடரின் நடுத்துண்டு நிற்கும். அதன் தலைப்பும் பெயரும் வேறு தாளோடு எடைக்குப் போயிருக்கும்.

எங்கள் தேவகோட்டை வீட்டில் ஒரு சரித்திரத் தொடரின் பைண்டு இருந்தது. இளவரசி சுரங்கத்துக்குள் இறங்குகிறாள், தொடரும். திருப்பினால் மாமியார் வீட்டில் பேச்சு வாங்கும் ஒரு மருமகள். வாள் இல்லை, குதிரை இல்லை, ஆனாலும் அந்த மூன்று பத்தியையும் இரண்டாம் தடவை படித்தேன். யார் எழுதியது என்று அப்பத்தாவிடம் நீட்டினால், கண்ணாடியைக்கூடத் தேடாமல் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "நடையைப் பாத்தா லச்சுமி மாதிரி இருக்கு ஆத்தா" என்றார். அது லக்ஷ்மியோ இல்லையோ, அன்றிலிருந்து லக்ஷ்மியைத் தேடித்தேடிப் படித்தேன். திரிபுரசுந்தரி என்ற அந்த மருத்துவர் தென்னாப்பிரிக்காவில் பல காலம் வாழ்ந்தவர் என்பதும், 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்கு 1984-இல் சாகித்திய அகாதெமி விருது வாங்கினார் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரியும். எங்கள் வீட்டில் அவர் பெயரைக் குடும்பக் கதை என்ற அலமாரியில் யாரும் தனியாக வைத்திருக்கவில்லை. இளவரசியின் முதுகில் இருந்தார், அவ்வளவுதான்.

நீங்கள் பார்க்கும் பட்டியல்களில் இல்லாதது இந்த அக்கம்பக்கம்தான். 'சிறந்தவை' என்று மட்டும் அடுக்கினால் யார் அடுக்கினாலும் அதே இருபதுதான் வரும். சாண்டில்யனும் சுஜாதாவும் குமுதத்தில் எழுதியவர்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வந்த அதே கல்கி இதழில்தான் பின்னாளில் தி. ஜானகிராமனின் 'அன்பே ஆரமுதே'யும் தொடராக வந்தது. அப்போதைய வாசகருக்கு இவரிடமிருந்து அவரிடம் போக பஸ் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

சரி, எதை வைத்துக்கொள்வது? கோட்டையூர் ரோஜா முத்தையாவைக் கேட்டிருந்தால் எல்லாவற்றையும் என்றிருப்பார். விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த மனிதர். உயர்ந்த நூல், மட்டமான நூல் என்று பிரிக்காமல் கல்யாணப் பத்திரிகை உட்பட எல்லாவற்றையும் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் காலமானபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994-இல் அவர் பெயரிலேயே சென்னையில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. உங்களுக்கு அவ்வளவு இடம் கிடையாது, மாமாவும் விட மாட்டார். அதனால் தொட்டால் பொடியாய் உதிர்வதைப் போட்டுவிடுங்கள். புத்தகமாகக் கடையில் கிடைக்கிறதே என்பதற்காக மட்டும் எதையும் போட வேண்டாம். கல்கியின் தொடருக்கு மணியம் வரைந்ததும், சாண்டில்யனுக்கு லதா வரைந்ததும் அந்தத் தாள்களில் இருக்கும். புத்தகப் பதிப்புகள் எல்லாவற்றிலும் அவை வருவதில்லை.

இனி அந்தப் பத்துப் பக்கப் பிரச்சினை. உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. கல்கியும் சாண்டில்யனும் வாராவாரம் எழுதியவர்கள். அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்துவைக்க வேண்டிய கட்டாயம் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் இருந்தது. கதவு தட்டப்படும், யார் என்று சொல்ல மாட்டார்கள். நேராகப் புத்தகமாக எழுதப்பட்ட நாவலில் அந்தக் கொக்கி இருக்காது. அதை ஐம்பது பக்கம் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கும் பிடிக்காவிட்டால் மூடிவிடுங்கள், யாரும் பரீட்சை வைக்கப் போவதில்லை.

நான் சொல்ல விரும்பும் ஒரு நாவல் அந்தப் பொறுமையைக் கேட்பது: 'புயலிலே ஒரு தோணி'. ப. சிங்காரம் எழுதி 1972-இல் வந்தது. 'கடல் புறா' படித்த உங்களுக்கு இது தூரம் இல்லை. ஸ்ரீவிஜயத்தை நோக்கிப் போனீர்களே, அதே சுமத்ரா தீவுதான். கிட்டத்தட்ட 900 வருஷம் தள்ளிப் போய், மெடான் நகரில் இறங்குகிறீர்கள். இரண்டாம் உலகப் போர், ஜப்பானியப் படை வருகிறது. கப்பலில் மாவீரன் கருணாகரத் தொண்டைமானுக்குப் பதில், வட்டிக்கடைக்கு வேலைக்கு வந்த பாண்டியன் என்கிற நம் பக்கத்து இளைஞன்.

சிங்காரம் 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். திருப்பத்தூர் தாண்டினால் வந்துவிடும் ஊர். அவரே 1938-இல் மெடானுக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். போர் முடிந்து திரும்பி மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தார். எழுதிய நாவல் இரண்டே இரண்டு. உங்கள் வீட்டில் ஐயாமார்கள் யாராவது கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வட்டித்தொழில் செய்ய, போனவர்கள் என்றால் கிட்டங்கி, பெட்டியடி, அடுத்தாள், பேரேடு என்கிற வட்டிக்கடைப் பேச்சு காதில் விழுந்திருக்கும். வேறு ஊர் வாசகர் அடிக்குறிப்பு தேடும் இடத்தை நீங்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவீர்கள். கடையில் செட்டியார் பேசும் கணக்குப் பேச்சு, குடித்துவிட்டு இளைஞர்கள் தமிழின் பழம்பெருமையைக் கிண்டலடிக்கும் பேச்சு, நடுக்கடலில் தொங்கான் என்கிற பாய்மரக் கப்பல் புயலில் மாட்டும் இரவு, மூன்றுக்கும் மூன்று நடை வைத்திருக்கிறார். சரித்திர நாவலா, போர் நாவலா, சாகசக் கதையா என்று கேட்டால் எனக்குத் தெளிவாகச் சொல்லத் தெரியாது. தமிழில் எனக்குப் பிடித்த ஐந்து நாவல்களில் ஒன்று என்பதை மட்டும் தயங்காமல் சொல்வேன். எடுத்த எடுப்பில் கடினமாக இருந்தால் அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' படியுங்கள். அதே உலகம், சிறியது, காதல் கதையும் உண்டு.

அங்கிருந்து வழி தானாகவே கிளை விடும். மலாயா பக்கம் போக வேண்டும் என்றால் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'. அதற்கும் அப்பால், சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துப் போகப்பட்ட தமிழர்களைப் பற்றி மலேசிய எழுத்தாளர் அ. ரெங்கசாமி எழுதிய 'நினைவுச்சின்னம்'.

எனக்குப் பிடித்த இன்னொரு வழி, பிறந்த ஆண்டு. சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகப் புத்தகங்களை வகை பிரிக்க 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறையில், இலக்கிய நூலுக்கு எண் போடும்போது மொழி, வடிவம், அதற்கடுத்து எழுத்தாளர் பிறந்த ஆண்டு என்று போகும். புத்தகக் கடைக்காரர் சரித்திரம், குடும்பம், மர்மம் என்று பிரிப்பதை ரங்கநாதனின் எண் கலைத்துப் போட்டுவிடும். ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். சிங்காரம் 1920. ஜானகிராமன் 1921, லக்ஷ்மியும் 1921. 'வேங்கையின் மைந்தன்' எழுதிய அகிலன் 1922. நாலு பேரும் ஏறக்குறைய இருபது வயதில் போர்க்காலத்தைப் பார்த்தவர்கள். ஒருவர் மெடானுக்குப் போனார், ஒருவர் கும்பகோணத்துத் தெருவையும் காவிரியையும் எழுதினார், ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்களை எழுதினார், ஒருவர் சோழர் காலத்துக்கும் போனார். இவர்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது கிடைப்பது, ஒரே வகையில் நாலு நாவல் படித்தால் கிடைக்காது. ஜானகிராமனில் முதலில் 'அம்மா வந்தாள்' எடுங்கள். சின்னப் புத்தகம், 'மோக முள்' அப்புறம்.

அதே நோட்டில் கொஞ்சம் கீழே வந்தால் தமிழ்வாணன் 1926, கண்ணதாசன் 1927. ஒருவர் தேவகோட்டை, ஒருவர் சிறுகூடல்பட்டி. கண்ணதாசனைப் பாட்டுக்காரராக மட்டும் தெரிந்திருந்தால், அவருக்கு 1980-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது 'சேரமான் காதலி' என்ற சரித்திர நாவலுக்கு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்களுக்கு அது சுலபமாகவே ஓடும்.

தமிழ்வாணன் பெயர் வந்ததால் உங்கள் தோழி. அவருடைய சங்கர்லால் துப்பறியும் கதைகள் இன்று எனக்கு ஓடுவதில்லை, உண்மை. ஆனால் இலக்கியமா இல்லையா என்ற கேள்வியை வகையைப் பார்த்துக் கேட்பது சோம்பேறித்தனம். தமிழில் நாவல் படிக்கும் பெருங்கூட்டத்தை முதலில் உண்டாக்கியதில் ஜே.ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' போன்ற மர்மக் கதைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. சுஜாதாவின் 'நைலான் கயிறு' படித்துவிட்டுத் தோழியிடம் கொடுங்கள். சுருக்கமாக ஒரு வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று பிற்கால எழுத்தாளர்கள் பலர் கற்றுக்கொண்டது அவரிடம்தான். துப்பறியும் கதை எழுதும் சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்று இரண்டு பேர் என்பதும் உங்கள் தோழிக்குத் தெரியாமலிருக்கலாம். காதல் கதை வேண்டும் என்றால் ரமணிசந்திரன் இருக்கிறார், ரசித்துப் படியுங்கள், ஒளித்துவைத்துப் படிக்காதீர்கள். பேய், ஜோதிடம், சித்தர் என்றால் இந்திரா சௌந்தர்ராஜன். ராத்திரி தனியாகப் படிக்க நான் தயாரில்லை. வீட்டு நடுமுற்றத்து வளவில் தூண் நிழல் வேறு.

மொழிபெயர்ப்பில் நான் எழுத்தாளரை விட மொழிபெயர்த்தவரைப் பிடித்துக்கொள்கிறவள். வெளிநாட்டுப் பெயர்கள் ஆயிரம் இருக்கும், எதை எடுப்பது என்று தெரியாது. ஆனால் க.நா. சுப்ரமண்யம் ஒன்றைத் தமிழாக்கினார் என்றால் அவர் அதைக் காதலித்திருக்கிறார் என்று அர்த்தம். ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்டின் நாவலை 'அன்பு வழி' என்றும், நார்வேயின் நட் ஹாம்சனுடையதை 'நிலவளம்' என்றும் தந்தார். ஏசுவுக்குப் பதிலாக விடுதலையான பாரபாஸ் என்ன ஆனான் என்பதுதான் 'அன்பு வழி'. சரித்திரக் கதைப் பிரியர்களுக்கு அதையே முதலில் சொல்வேன், ஒரு நாளில் முடித்துவிடலாம். அது பிடித்தால் க.நா.சு.வே எழுதிய 'பொய்த்தேவு' நாவலுக்கு வாருங்கள். அவர் படித்த நூல்களைப் பற்றிச் சொல்லும் 'படித்திருக்கிறீர்களா?' கிடைத்தால் விடாதீர்கள். அதுவும் ஒரு பட்டியல்தான், ஆனால் பட்டியல் போட்ட ஆள் யார், அவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும். இதே மாதிரி சுந்தர ராமசாமியைப் பிடித்துக்கொண்டு தகழியின் 'செம்மீன்' போகலாம். கடல் உங்களை அங்கேயும் விடாது.

இவற்றில் சில இப்போது அச்சில் தேடி அலைய வேண்டியவை. புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் ஞானாலயா இருக்கிறது. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதி தங்கள் கைக்காசில் சேர்த்து வளர்த்த நூலகம், முதல் பதிப்புகள் அங்கே நிறைய. காரைக்குடியிலிருந்து காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீடு திரும்பிவிடலாம். தனியார் நூலகம் என்பதால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா