ஃபெருமாக்ஸிடால் ஏற்றிய பிறகு எம்ஆர்ஐ எடுக்கலாமா?

வணக்கம். சிறுநீரகக் கோளாறால் ரத்தசோகை வந்த அம்மாவுக்குப் பத்து நாள் முன்பு ஃபெருமாக்ஸிடால் என்ற இரும்பு மருந்தை நரம்பு வழியாக ஏற்றியிருக்கிறார்கள், அடுத்த வாரம் கல்லீரல் எம்ஆர்ஐ. உடம்பிலுள்ள இரும்பைக் காந்தம் இழுத்துவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். இழுக்காது. அது மாவுச்சத்து வகைப் பொருள் போர்த்திய இரும்பு ஆக்ஸைடு நானோதுகள். காந்தப்புலம் இருக்கும்வரைதான் காந்தமாக நடந்துகொள்ளும். எம்ஆர்ஐக்கு வழக்கமாக ஏற்றும் காடோலினியம் என்ற மருந்து வேண்டாம் என்ற சிறுநீரக நோயாளிகள் சிலருக்கு, எம்ஆர்ஐ படம் தெளிவாகத் தெரிவதற்காகவே இதை ஏற்றுவதும் உண்டு.

சிக்கல் வேறு இடத்தில். கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜையிலுள்ள விழுங்கு செல்கள்தான் இந்தத் துகள்களை அள்ளிக்கொள்கின்றன. எனவே எம்ஆர்ஐயில் எடுக்கும் பல வகைப் படங்களில் ஒன்றான டி2 படங்களில் கல்லீரல் கறுத்துத் தெரியும். விஷயம் தெரியாமல் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட் இரும்புச்சத்து மிகுந்துவிட்டதாக நினைக்க வாய்ப்புண்டு. மருந்துக் குறிப்பேட்டின்படி 3 மாதம் வரை படம் மாறலாம். மருந்து ஏற்றி 4 வாரம் ஆவதற்கு முன் டி2 எடுக்கக் கூடாது, அவசரமென்றால் டி1 அல்லது புரோட்டான் அடர்த்தி என்ற மற்ற எம்ஆர்ஐ பட முறைகள். சிடி, அல்ட்ராசவுண்டுக்கு இந்தத் தொல்லை இல்லை.

முதலில் டிஸ்சார்ஜ் சீட்டில் மருந்தின் பெயரைச் சரிபாருங்கள். இரும்பு ஊசிகள் பலவகை. சுக்ரோஸ் வகையென்றால் இந்தக் கெடு பொருந்தாது. ஃபெருமாக்ஸிடால்தான் என்றால் பெயரையும் ஏற்றிய தேதியையும் ஸ்கேன் சென்டருக்கு இன்றே சொல்லுங்கள். நீங்களாக ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம். கட்டி சந்தேகத்தில் எழுதியிருந்தால் காத்திருப்பதா, வேறு முறையா என்று மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.